வீட்டு பஸ்ஸுக்குக் கக்கூஸ் மாற்றிய கதை

பைப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என்னிடம் ஏதாவது வித்தை இருக்கும் என்று நினைத்து வந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். இருந்ததும் முழங்காலோடு போய்விட்டது. பாலாவியில் கடை வைத்திருந்த காலம் முழுக்கக் குனிந்தே வேலை செய்தவன் நான். இப்போது குனிந்தால் நிமிர்த்த ஆள் வேண்டும். கடைச் சாவியை மருமகனிடம் கொடுத்து, இனி என்னை ஒருவரும் கூப்பிடக் கூடாது என்று சொல்லியும் ஆயிற்று. அப்படியிருந்தும் புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரைக்கும் எந்த வீட்டிலாவது தண்ணீர் போகாமல் நின்றால் என் போன்தான் அடிக்கிறது. "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்களன் நானா" என்பார்கள், சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. அந்த 'ஒருக்கா'வுக்குள் ஒரு முழு நாள் இருக்கிறது என்பது எனக்கல்லவா தெரியும்.

குழாய் வெட்டுவது, ஒட்டுவது, வாட்டம் பார்ப்பது எல்லாவற்றையும் நீங்கள் போனில் வீடியோ பார்த்தே பழகிவிடுவீர்கள். என்னைவிட நன்றாகவும் செய்வீர்கள். அதைப் பற்றிப் பேச எனக்குத் தெம்பும் இல்லை. நான் ஒரே ஒரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கடையைக் கொடுத்த பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் தலையில் வந்து விழுந்த வேலை அது.

ஒரு திங்கட்கிழமை ஜவ்பர் கூப்பிட்டார். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் செய்கிறவர். அவருடைய வீட்டுக் கிணற்றுக்கு மோட்டர் பூட்டியது நான்தான், அந்தப் பழக்கம்.

"நானா, ஒரு கக்கூஸ் மாத்தணும்."

"மருமகனக் கூப்பிடுங்க தம்பி. நான் இப்ப வேலைக்குப் போறதில்ல."

"வீட்டுக் கக்கூஸ் இல்ல நானா. பஸ் கக்கூஸ்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததுதான் பிழை. சிரித்தவன் பிறகு மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

விஷயம் இதுதான். ஜவ்பரின் மச்சான் ஒருவர் கற்பிட்டிக் கடற்கரையில் ஹோட்டல் வைத்திருக்கிறார். காற்றுக் காலத்தில் பட்டம் பிடித்துக் கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். அவர்களில் ஒரு சோடி ஒரு பழைய பஸ்ஸை வாங்கி வீடாக மாற்றி, கட்டில், அடுப்பு, அலுமாரி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே வைத்து நாட்டைச் சுற்றியிருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பும்போது அதை மச்சானுக்கே கொடுத்துவிட்டார்கள். கரவன் என்று அவர் சொன்னார். ஊர்ப் பிள்ளைகள் வீட்டு பஸ் என்றார்கள். அந்த பஸ்ஸைத்தான் ஜவ்பர் இரவல் வாங்கித் தன் வளவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் அவருடைய குரல் மாறியது.

ஒரே மகள், கண்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. முதல் பிள்ளை வயிற்றில். எங்கள் வழக்கத்தில் முதல் பேறு உம்மா வீட்டில்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிரஷர் ஏறி, கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் ஒப்பரேசன். உம்மா வராமல் தியேட்டருக்குள் போகமாட்டேன் என்று மகள் போனில் அழுகிறாள். உம்மாவால் போக முடியாது. ஜவ்பரின் மனைவி ரஹீமாவுக்கு ஒரு ஒப்பரேசனுக்குப் பிறகு சிறுநீரை அடக்கிக்கொள்ள முடியாத வருத்தம் வந்துவிட்டது. பஸ்ஸில் ஏற முடியாது, வேனில் ஏற முடியாது. கலியாண வீடு, மௌத்து வீடு எல்லாவற்றுக்கும் நாலு வருடமாக ஜவ்பர் தனியாகத்தான் போய் வருகிறார்.

"கக்கூஸோட ஒரு வண்டி கிடைச்சா அவ வருவா நானா. வியாழன் விடிய சுபஹுத் தொழுதுட்டு வெளிக்கிடணும். அதுக்குள்ள முடிப்பீங்களா?"

என்ன சொல்வது? போனேன்.

பஸ்ஸுக்குள் ஏறியதும் நான் முதலில் செய்தது, ஜன்னலால் எட்டி மேற்கு எந்தப் பக்கம் என்று பார்த்தது. நம் பக்கத்தில் வேலை செய்யப் போகிறீர்கள், உங்களுக்கும் இந்தப் பழக்கம் வந்துவிடும். எந்த வீட்டிலும், தொழும்போது முகம் திருப்புகிற கிப்லாத் திசையைப் பார்த்துவிட்டுத்தான் கொமட் வைக்கும் இடத்தைக் குறிப்போம், கிப்லாவுக்கு முகமோ முதுகோ வராமல். ஜவ்பரும் பின்னால் வந்து நின்று, "ஓம் நானா, அதத்தான் நானும் சொல்ல வந்தன். இது பின்னுக்குப் பாத்துல்ல இருக்கு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் தெற்கா வடக்கா என்று கை நீட்டிக் கதைத்துக்கொண்டிருந்தோம். வெளியே நின்ற ரஹீமா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஓடுற வண்டிக்கு எங்க கிப்லா? நிப்பாட்டுறப்ப பாத்து நிப்பாட்டுங்க" என்றார்.

இரண்டு பேரும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டோம்.

பழைய கக்கூஸைப் பார்த்தேன். அந்த மாதிரிச் சாமான் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேலே பிளாஸ்டிக் கொமட். கீழே சூட்கேஸ் அளவில் ஒரு பெட்டி. இடையில் ஒரு மூடி. பெட்டி நிறைந்தால் பஸ்ஸின் வெளிப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து அதை இழுத்தெடுத்துக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் பெட்டி வெடித்து, கீழ்ப் பலகை பிண்ணாக்காகி, மணம் அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் பார்த்தால் நம் வீடுகளில் இருக்கிற மாதிரி கழுவுகிற கை ஷவர் ஒன்று. வெள்ளைக்காரர் வைத்ததல்ல, பிறகு மச்சான் பூட்டியது. அதைக் கண்டேன், ஆனால் மூளையில் ஏறவில்லை. முதுகு வலி ஒரு பக்கம், மணம் ஒரு பக்கம்.

நான் ஜவ்பரிடம் கேட்டேன், "அவங்க ஒரு நாளைக்கு எத்தின தரம் போவாங்க தம்பி?"

"எல்லாரையும் போலத்தான் நானா. நாலஞ்சு தரம்."

சரி என்று விட்டேன். கொழும்பிலிருந்து புதுசு ஒன்றை அவர் ஏற்கனவே எடுத்து வைத்திருந்தார். பழையது மாதிரியே, ஆனால் பளபளப்பாக. பழையதைக் கழற்றி எடுக்கத்தான் செவ்வாய் முழுக்கப் போனது. கடல் காற்றில் இருந்த ஆணி ஒன்றுகூடத் திரும்பாது என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். பலகை மாற்றினேன், புதியதை வைத்தேன். புதன்கிழமை நடுப்பகல் லுஹர் நேரத்துக்கு எல்லாம் சரி. ஜவ்பர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார், சர்ரென்று போயிற்று. உடனே மகளுக்குப் போன் எடுத்து, "வாறம் மகள், உம்மாவக் கூட்டிட்டு வாறம்" என்று சத்தம் போட்டார். நான் சாமான்களை அள்ளிப் பைக்குள் போட்டேன். வீட்டுக்குப் போய் முழங்காலுக்கு எண்ணெய் போட்டுப் படுப்பது ஒன்றுதான் மனதில்.

அந்த நேரத்தில் ரஹீமா பஸ்ஸின் வாசலுக்கு வந்து நின்றார்.

"நானா, இந்தப் பெட்டி நிறைஞ்சா என்ன செய்ற?"

"எங்கயாவது கக்கூஸ் பாத்துக் கொட்டணும் தங்கச்சி."

"எப்ப நிறையும்?"

"நாலஞ்சு தரம் எண்டா கண்டிக்குப் போற வரைக்கும் தாங்கும்."

"நாலஞ்சு தரமா? ஆர் சொன்ன?"

நான் ஜவ்பரைப் பார்த்தேன். ஜவ்பர் போனைப் பார்த்தார். ரஹீமா எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு கணவனிடம், "நானாவுக்கு ரெண்டு இளநி வெட்டிட்டு வாங்க" என்றார். அவர் கத்தியைத் தேடிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார். அவருடைய தலை மறைந்த பிறகுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயப் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அரை மணிக்கு ஒருக்கா போகணும் நானா. சில நேரம் அதுக்கும் முந்தி. ஒவ்வொரு தரமும் தண்ணி ஊத்திக் கழுவணும். கழுவாம ஒளு எடுக்கேலுமா? தொழேலுமா? அவருக்கு இது தெரியாது. நான் காட்டிக்கிறதில்ல."

"அப்ப மருந்தெடுக்கப் புத்தளத்துக் கிளினிக்குக்கு எப்பிடிப் போறீங்க?"

"முந்தின நாள் பொழுதுபட்டு மஃரிபோட வாயக் கட்டிருவன். பச்சத் தண்ணியும் குடிக்கிறதில்ல. டொக்டர் ஏசுறார், இப்பிடிக் காய்ஞ்சா கிட்னியும் போயிருமாம். கண்டிக்கும் அப்பிடியே போயிரலாம் நானா. ஆனா போற வழியில மயங்கி விழுந்தா? மகள்ட கட்டிலுக்குப் பக்கத்துல எனக்கும் ஒரு கட்டில் போடத்தான் சரி."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யா அல்லாஹ், இரண்டு நாளாக இந்தப் பெண்ணுக்காக இந்த பஸ்ஸுக்குள் கிடந்து வேர்த்திருக்கிறேன், இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

இப்போது அந்தக் கை ஷவர் மூளையில் ஏறியது. அந்தப் பெட்டி கடதாசியால் துடைக்கிறவர்களுக்குச் செய்தது. அவர்களுக்கு நாள் கணக்கில் தாங்கும். நாங்கள் தண்ணீர்ச் சனங்கள். மச்சானுடைய ஹோட்டல் ஆட்கள் அதில் ஷவரைப் பூட்டி, வீட்டில் கழுவுகிற மாதிரித் தாராளமாகக் கழுவ, பெட்டி நிறைந்து வழிந்து பலகைக்குள் இறங்கியிருக்கிறது. பழையது பழசாகிப் பழுதாகவில்லை, கழுவிக் கழுவித்தான் பழுதானது. நான் புதியதைப் பூட்டி அதே ஷவரையும் பழையபடி விட்டு வைத்திருக்கிறேன். பாதி வழியில் நிக்கவரட்டி தாண்டுமுன் பெட்டி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் காலடியில் தண்ணீர் ஏறும், மருமகன் வீட்டாருக்கு முன்னால் போய் அந்த மணத்தோடு இறங்க வேண்டும். அப்படி ஒன்று நடந்தால் அவர் இனி வாழ்நாளில் வாசல்படி தாண்டமாட்டார்.

ஜவ்பர் இளநீரோடு வந்தார். பெட்டி காணாது, இந்தப் பயணத்துக்குப் போதாது என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை, அது ரஹீமாவின் கதை.

மனுசன் பதறிவிட்டார். "நாளைக்கு சுபஹுக்கு வெளிக்கிடணும் நானா! இப்ப வந்து காணாது எண்டா?" உடனே மச்சானுக்குப் போன், ஸ்பீக்கரில். மச்சான் ஹோட்டலில் இருந்துகொண்டே ஆலோசனை சொன்னார். கடதாசி பாவிக்கச் சொல்லுங்கள் என்றார். ரஹீமா வீட்டுக்குள் இருந்தே, "அத அவருட பொண்டாட்டிக்கிட்ட சொல்லச் சொல்லுங்க" என்றார். அடுத்து, பெட்டியை எடுத்துவிட்டு ஒரு குழாயைக் கீழே விடுங்கள், ரயிலில் அப்படித்தானே, ஓடுகிற வண்டியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள் பிள்ளைகளே. குழாயை வெளியே விடுவது அரை மணி நேர வேலை. வாடிக்கையாளருக்குச் சந்தோஷம், எனக்கும் வீட்டுக்குப் போகலாம். உடம்பு முழுக்க அதைத்தான் கேட்டது. களைத்த உடம்பு எப்போதும் லேசான வழியைத்தான் கேட்கும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"தம்பி, ஒங்கட கிணறு எத்தின அடி?" என்று கேட்டேன்.

"கிணறா? மணல் தானே, தோண்டினா தண்ணி."

"றோட்டோரத்துல இருக்கிறவன்ட கிணறும் அப்பிடித்தான். ஒங்கட வெங்காயத்துக்கு இறைக்கிற தண்ணியில ஒருத்தன் அதச் செஞ்சா விடுவீங்களா? அதோட, ஒரு பொம்புள அங்க குந்தியிருக்கிற நேரம் அது றோட்டுல விழுறத பின்னால வாற மோட்டர்சைக்கிள்காரன் பாப்பான். அவ குந்துவாவா?"

அவர் மச்சானின் போனை வைத்துவிட்டார். நானும் அவ்வளவு காட்டமாகக் கதைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வாய் வந்துவிட்டது.

பஸ்ஸுக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். நடுவில் உதிரிச் சில்லு தொங்குகிற இடம் தாராளமாக இருந்தது. சில்லை உள்ளே கட்டிலுக்குக் கீழ் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெரிய தொட்டியைத் தூக்கினால், கண்டி வரைக்கும் தாங்கும். புதுக் கக்கூஸின் மேல் பகுதியை வைத்துக்கொண்டு அந்தச் சூட்கேஸ் பெட்டியை மட்டும் கழற்றிவிடலாம். தொட்டிக்கு எங்கே போவது? "பஸ்ஸ எடுங்க, பாலாவிக்குப் போவம்" என்றேன்.

பாலாவியில் என் பழைய கடைக்குப் பக்கத்தில் சுனிலின் ஒட்டு வேலைக் கராஜ். லொறிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்கிறவன். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெடியன் (பெடியன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கும் தலை நரைத்துவிட்டது). நாங்கள் போன நேரம் உப்பு ஏற்றுகிற லொறி ஒன்றின் அடிப்பாகம் அரித்துப்போய், அதை வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயோ நானா, இண்டைக்கு ஏலாது. இந்த லொறி காலையில ஓடணும். முதலாளி ரெண்டு தரம் வந்துட்டார்."

ஜவ்பர் கெஞ்சத் தொடங்கினார். மகள், ஒப்பரேசன், வெள்ளிக்கிழமை என்று எல்லாம் சொன்னார். சுனில் பாவம் என்று தலையாட்டினான், ஆனால் கையில் இருந்த கட்டரை வைக்கவில்லை. நான் அவனைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சிங்களத்தில் சொன்னேன். பஸ்ஸில் போகிற நாளில் தண்ணீர் குடிக்காத ஒரு பொம்பிளை, அவ்வளவுதான் சொன்னேன். யார் என்று சொல்லவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் நானா. சிலாபத்துல இருந்து என்னப் பாக்க வந்தா வாசல்ல கால் வெக்கிறதுக்கு முந்தி தண்ணி கேப்பா. நான் வெயில் எண்டு நினைச்சிட்டு இருந்தன்" என்றான். பிறகு உப்பு லொறியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். யாரோ செய்யச் சொல்லிவிட்டு எடுக்க வராமல் விட்ட தட்டைத் தொட்டி ஒன்று அங்கே கிடந்தது.

அதற்குப் பிறகு நடந்தது வெறும் வேலை. அதைச் சொல்லி உங்களைக் களைக்க வைக்கமாட்டேன். பின்னேரம் அசருக்குப் பிறகு பாலாவியை விட்டு வெளிக்கிட்டு, மஃரிப் பாங்கு சொல்கிற நேரம் குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். கண்டியில் தொட்டியை இறைக்கக் கலி பவுசர் என்கிற கழிவு லொறிக்கும் ஜவ்பரின் மருமகன் ஏற்பாடு செய்துவிட்டார்.

ஜவ்பர் மறுபடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஊற்றிப் பார்க்க. நான் வாளியை வாங்கிக் கீழே வைத்தேன்.

"தண்ணி ஊத்திப் பாத்தது போதும் தம்பி. நாங்க பள்ளிக்குப் போவம். தங்கச்சி, நீங்க பாருங்க. ஆம்புளைகள் ஒருத்தரும் வளவுல இருக்கமாட்டம்."

தொழுதுவிட்டு அவசரப்படாமல்தான் வந்தோம். ரஹீமா பஸ்ஸின் படியில் நின்றார்.

"எல்லாம் சரி நானா. ஒண்டுதான். வண்டி ஆடினா நான் எதப் புடிக்கிற?"

பார்த்தீர்களா? எத்தனை கக்கூஸ் வைத்திருப்பேன், எனக்கு அது தோன்றவில்லை. ஆடாத வீட்டிலேயே வைத்துப் பழகிய மூளை. பழைய அலுமாரிக் கதவொன்றின் கைபிடியைக் கழற்றி, அவர் கையை நீட்டிக் காட்டிய இடத்தில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து விழுந்தேன்.

வியாழன் முழுக்கக் கட்டிலில். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஓட்டோவில்தான் போனேன். போன் அடிக்கவில்லை. அடிக்கிறது அடிக்கிறது என்று ஊரெல்லாம் ஏசித் திரிந்தவன் அன்றைக்கு அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்தேன். மூடி இறுகியிருக்குமா, குலுக்கலில் தொட்டி கழன்றிருக்குமா, அந்தப் பெண் பாதி வழியில் திரும்பியிருப்பாரா என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

அசருக்குப் பிறகு ஜவ்பரின் நம்பர் அடித்தது. எடுத்தால் ரஹீமாவின் குரல்.

"நானா, பொம்புளப் புள்ள. உம்மாவும் புள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். தியேட்டருக்குக் கொண்டு போறப்ப மகள்ட கையப் புடிச்சிட்டே வாசல் வரைக்கும் போனன்."

நானும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். "வழியில கரைச்சல் ஒண்டும் இல்லையா?"

"கக்கூஸால ஒரு கரைச்சலும் இல்ல. இவராலதான். ஒவ்வொரு இடத்துலயும் கிப்லா பாத்து பஸ்ஸ றோட்டோரத்துல குறுக்கால நிப்பாட்டினாரு. குருநாகல் கிட்ட பொலிஸ்காரன் வந்து வண்டி பழுதா எண்டு கேக்குறான். இவருக்கு அதச் சிங்களத்துல விளங்கப்படுத்தத் தெரியல்ல."

சிரித்தோம். முழங்கால் வலியோடு சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நானா, வாரியபொலயில ஒரு கடையடியில நிப்பாட்டச் சொல்லி நான் பிளேன்டீ குடிச்சன். முழுக் கோப்பையும். குடிச்சிட்டு இன்னொண்டும் வாங்கிக் குடிச்சன். இவரு பாத்துட்டு, என்ன இவ்வளவு தாகமா எண்டு கேக்குறாரு."

நாலு வருட வருத்தத்தையும் ஒரே வீட்டில் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதன், நல்ல மனிதன், மனைவிக்காக ஒரு பஸ்ஸையே இரவல் வாங்கியவன். அவனுக்கே தெரியாது. அவனிடம் போய்த்தான் நான் கேட்டேன், நாலஞ்சு தரம் என்று அவன் சொன்னதை அப்படியே நம்பினேன்.

அதனால் நாளைக்கு நீங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஓம் போடுங்கள். அதற்குப் பிறகு அவரை இளநீர் வெட்ட அனுப்பிவிடுங்கள்.